பூங்காவின் பின்கட்டு

ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1998 ஏப்ரல் 22 அன்று திறந்த அனிமல் கிங்டம் பூங்காவில் சஃபாரி வண்டி ஏறுகிறவர் கண்ணுக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிதான் தெரியும். சாலையோரம் ஒட்டகச்சிவிங்கி மேயும். சற்றுத் தள்ளிப் பாறைமேல் சிங்கம் படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே வேலி எதுவும் கண்ணில் படாது. ஆனால் தடுப்பு உண்டு. புதருக்கும் மேட்டுக்கும் பின்னால் அகழிகள் மறைந்திருக்கின்றன. பிரம்மாண்டமான பெருக்கமரங்கள் சிமென்ட்டில் வடித்தவை. பொழுது சாய்ந்தால் பெரும்பாலான விலங்குகள், பழகிய ஓசையைக் கேட்டு, பார்வையாளர் பாதையிலிருந்து தெரியாத கொட்டில்களுக்குத் திரும்பிவிடுகின்றன. அந்தக் கொட்டில்களையும், தீவனம் நறுக்கும் இடத்தையும், பராமரிப்பாளர்கள் வேலை செய்யும் முறையையும் காட்டுவதற்கு இதே பூங்கா தனிச் சீட்டு விற்றுவந்திருக்கிறது. முதலில் காடு என்று நம்பவைக்கிறார்கள், பிறகு அந்த நம்பிக்கையைக் கலைத்துக் காட்டவும் காசு வாங்குகிறார்கள் என்று இதைக் குறைசொல்வது எளிது. அந்தக் குறையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் ஆழமானது. விலங்குப் பூங்காக்களுக்குத் தொடக்கத்தில் பின்கட்டு என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கட்டுமான உத்தி அதை உண்டாக்கியது. அந்த உத்தி நம் பார்வையிலிருந்து எதை எடுத்துக்கொண்டதோ, அதைத் திருப்பித் தரும் அளவுக்குத்தான் இந்தச் சுற்றுலாவுக்கு மதிப்பு என்பதே என் வாதம்.

லண்டன் கோபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு முதல் 1830கள் வரை அரசரின் விலங்குகள் இருந்தன. கூண்டு, சிங்கம், இறைச்சி கொண்டுவரும் ஆள் எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே பார்வையில் அடங்கின. 1828இல் தொடங்கி 1847இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்த லண்டன் விலங்கியல் பூங்காவிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1850இல் எகிப்திலிருந்து ஒபேஷ் என்ற நீர்யானைக் குட்டி வந்தபோது அதனுடன் ஹமேத் என்ற பராமரிப்பாளரும் வந்தார்; குட்டியைப் பார்க்கத் திரண்டவர்கள் அவரையும் பார்த்தார்கள். 1865இல் வந்த ஜம்போ யானையின் புகழ் அதன் பராமரிப்பாளர் மாத்யூ ஸ்காட்டின் புகழோடு பிணைந்திருந்தது. 1882இல் ஜம்போவை அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் வாங்கியபோது ஸ்காட்டும் கூடவே கப்பலேறினார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கூண்டுகள் குறுகலானவை, விலங்குகள் சீக்கிரம் செத்தன, ஏன் செத்தன என்று பல சமயம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு விலங்கை மனிதன் அடைத்துவைத்திருக்கிறான், இன்னொரு மனிதன் அதற்குச் சோறு போட்டுச் சாணம் அள்ளுகிறான் என்ற உண்மை மட்டும் யாருக்கும் மறைக்கப்படவில்லை. கம்பியே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பியை அகற்றியவர் கார்ல் ஹாகன்பெக். ஹாம்பர்க் மீன் வியாபாரியின் மகன். உலகின் பெரிய விலங்கு வணிகர்களில் ஒருவர். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாண்டும் என்று அளந்து பார்த்து அதற்கேற்ப அகழி வெட்டினார். 1896இல் அந்தக் காட்சியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காவில் அதைப் பெரிய அளவில் கட்டினார். முன்னால் நீர்ப்பறவைகள், அதற்குப் பின்னால் புல் மேய்வன, அதற்கும் பின்னால் சிங்கம், உச்சியில் செயற்கை மலையில் மலையாடுகள். அகழிகள் தெரியாததால் எல்லாம் ஒரே நிலப்பரப்பாகக் கண்ணுக்குப் பட்டன. விலங்குகளுக்கு இதனால் வெளியும் வெயிலும் காற்றும் கிடைத்தன. அது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் செயற்கை மலைக்கு உள்ளே கொட்டில் வந்தது. வேலையாட்களின் வழி பாறைக்குப் பின்னால் போனது. 1855இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் கூண்டுகளோடு தொடங்கிய விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போய் அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புகளாக மாறியதே, அதற்கும் மூலம் ஸ்டெல்லிங்கன்தான்.

ஹாகன்பெக்கின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு, அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. 1870களிலிருந்து அவர் மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார். 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு பாகர்களையும் கலைஞர்களையும் குடும்பங்களையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி ஜான் ஹாகன்பெக் கொழும்பில் தங்கி விலங்கு வணிகம் செய்தவர். தெஹிவளையில் அவர் வைத்திருந்த விலங்குச் சேகரிப்பே 1936இல் அரசு கைக்குப் போய் இன்றைய தெஹிவளை விலங்கியல் பூங்காவுக்கு அடித்தளமானது. ஆக, விலங்கைப் பார்த்துக்கொள்ளும் மனிதன் ஒரு காலத்தில் விலங்கோடு சேர்த்துக் காட்சிப் பொருளானான். அடுத்த காலத்தில் காட்சி கெடாமலிருக்க ஒளிக்கப்பட்டான். அவனுக்குத் தெரிந்த தொழிலைக் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் இரண்டு காலத்திலும் பார்வையாளருக்குத் தரப்படவில்லை.

தீம் பார்க் இந்த மறைப்பைத் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது. 1955இல் டிஸ்னிலேண்டில் காட்டுப் படகுச் சவாரி அமைத்தபோது வால்ட் டிஸ்னி உயிருள்ள விலங்குகளை விடவே விரும்பினார். அவை பகலில் தூங்கும், ஒளிந்துகொள்ளும், ஒவ்வொரு படகுக்கும் தலைகாட்டாது என்று சொல்லப்பட்ட பிறகு இயந்திர விலங்குகள் வந்தன. 1971இல் ஃபுளோரிடாவில் திறந்த மேஜிக் கிங்டமில், ஊழியர் நடமாட்டமும் குப்பையும் சரக்கும் பார்வையாளர் கண்ணில் படாமல் போக அடித்தளத்தில் சுரங்கப் பாதைகளே கட்டினார்கள். அந்த நிறுவனத்தில் ஊழியருக்கு நடிகர் என்று பெயர்; பார்வையாளர் நடக்கும் இடம் மேடை. இயந்திர யானைக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். சாப்பிட்டு, நோய்ப்பட்டு, முரண்டு பிடித்து, கிழடாகிச் சாகிற யானைக்குப் பொருந்தாது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மேடைக்கு வெளியே கழிகிறது. அங்கே நடப்பதை ஊழியர் தவிர யாரும் பார்ப்பதில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி கலிபோர்னியாவில் இருக்கிறது.

1988 பிப்ரவரியில் சான் டியேகோ வனவிலங்குப் பூங்காவில் டண்டா என்ற பெண் யானையைச் சங்கிலியால் கட்டிக் கோடரிக் காம்புகளால் தலையில் அடித்தார்கள். நகரத்துப் பூங்காவிலிருந்து சற்று முன்புதான் அவள் அங்கே மாற்றப்பட்டிருந்தாள். அடங்காத யானையை அடக்கத் தேவையான வழி என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. செய்தி வெளியே வந்ததற்குக் காரணமானவர்களில் அவளை முன்பு வளர்த்த பராமரிப்பாளர்களும் இருந்தார்கள். பார்வையாளர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் வந்துபோன பாதையிலிருந்து அந்த இடம் தெரியாது. ஊர் கொதித்தது; யானையை அடித்து அடக்குவதற்கு எதிராக மாநிலம் சட்டம் இயற்றியது. அதுவரை அமெரிக்காவில் யானையோடு ஒரே இடத்தில் நின்று அங்குசத்தால் நடத்துவதே வழக்கம். நம் கோயில் யானைகளை நடத்துவதும் அடிப்படையில் அப்படித்தான். டண்டா விவகாரத்துக்குப் பிறகு அதே பூங்காவில் வேறொரு முறை உருவெடுத்தது. யானைக்கும் மனிதனுக்கும் நடுவே எப்போதும் ஒரு தடுப்பு, அடி கிடையாது, செய்தால் பழம், செய்யாவிட்டால் தண்டனை இல்லை, வேண்டாம் என்று யானை திரும்பிப் போய்விடலாம். 2014இலிருந்து அமெரிக்க விலங்கியல் பூங்காக்கள் சங்கம் இந்தத் தடுப்பு முறையையே பொது விதியாக்கியது.

பரிசு தந்து பழக்கும் இந்த முறை கடல் விலங்குகளிடமிருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. டால்பினைக் கயிற்றால் கட்டவோ குச்சியால் மிரட்டவோ முடியாது, நீந்திப் போய்விடும். அதனால் 1938இல் ஃபுளோரிடாவில் திரைப்படத் தளமாகத் திறந்த மரைன் ஸ்டூடியோஸ் போன்ற இடங்களில் பயிற்சியாளர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர், மேரியன் பிரெலண்ட் தம்பதி 1950களில் அங்கே முறையான பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். ஹவாயில் பயிற்சியாளர் கேரன் பிரையர் 1960களில் அதை விரித்தார். விசில் ஊதினால் சரியாகச் செய்தாய் என்று பொருள், அடுத்து மீன் வரும். வளையம் தாண்ட உதவிய இந்த நுட்பம் பிறகு மருத்துவத்துக்கு வந்தது. இன்று யானை தானாகவே கம்பி இடைவெளியில் பாதத்தை நீட்டி நகம் செதுக்க விடுகிறது, காதை வெளியே தந்து இரத்தம் எடுக்க விடுகிறது. சிங்கம் கம்பியோரம் விலாவை ஒட்டிப் படுத்து ஊசி வாங்கிக்கொள்கிறது. முன்பு இதற்கெல்லாம் மயக்க மருந்து வேண்டும், ஒவ்வொரு மயக்கத்திலும் உயிராபத்து உண்டு. பின்கட்டுச் சுற்றுலாவில் மனிதர்கள் வாய்மூடி நின்று பார்ப்பது இதைத்தான். நான்கு டன் எடையுள்ள ஓர் உயிர், மறுக்க உரிமை இருந்தும் காலை நீட்டுகிறது. சஃபாரி வண்டியிலிருந்து தெரியும் புல்வெளியைவிட இது எனக்குப் பெரிய காட்சி, ஏனென்றால் இதில் பொய் எதுவும் கலக்கத் தேவையில்லை.

அதுவும் இன்னொரு மேடைதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காட்டப்படும் கொட்டில் கழுவித் துடைத்த கொட்டில். வழிகாட்டி மனப்பாடம் செய்த வாசகங்களைச் சொல்லக்கூடும். டிஸ்னியின் பின்கட்டுச் சுற்றுலாவில் படம் எடுக்கக்கூட அனுமதிக்காத காலம் உண்டு. கடல்விலங்குப் பூங்காவான சீவேர்ல்டின் பின்புறத்தைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் ஓர்க்கா திமிங்கிலங்களின் அடைபட்ட வாழ்க்கையும், 2010இல் ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சியாளரைத் திலிக்கும் என்ற ஓர்க்கா கொன்றதன் பின்னணியும் உலகத்துக்குப் புரிந்தது 2013இல் வந்த பிளாக்ஃபிஷ் ஆவணப்படத்தால்தான். 2016இல் அந்த நிறுவனம் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. சுற்றுலா சொல்லாததைப் படம் சொன்னது என்பது உண்மை. ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய முடிவு கதவை மூடு என்பதல்ல, இன்னும் அகலமாகத் திற என்பது. அந்தப் படத்துக்கே ஆதாரமாக நின்றது முன்னாள் பயிற்சியாளர்களின் வாக்குமூலம். டண்டாவுக்காகப் பேசியவர்களும் பராமரிப்பாளர்கள்தான். பின்கட்டில் வேலை செய்கிறவர் பார்வையாளரோடு நேரில் பேசுவதை வழக்கமாக்கும் எந்த ஏற்பாடும், குறைபாடுகளோடு இருந்தாலும், அந்தக் குரலுக்கு இடம் தருகிறது.

எல்லாக் கதவையும் திறக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதனின் சளிக் காய்ச்சல் குரங்கினங்களுக்கு உயிர்க்கொல்லியாகலாம். காசநோய் நம்மிடமிருந்து யானைக்குத் தொற்றும். அங்கெல்லாம் கண்ணாடி போதும். அனிமல் கிங்டமிலேயே ஒரு பகுதியில் மருத்துவர் விலங்குக்குச் சிகிச்சை செய்வதைக் கண்ணாடிக்கு இப்புறம் நின்று, தனிச் சீட்டு இல்லாமல், பார்க்க வழி இருந்திருக்கிறது. காசுள்ளவருக்கு மட்டும் உண்மை என்ற நிலையைவிட இது எவ்வளவோ மேல். விலங்கை அடைப்பதே தவறு, எந்தச் சுற்றுலாவும் அதைச் சரியாக்காது என்பவர்களோடு நான் சண்டையிடவில்லை. அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை எடைபோடவும் கொட்டிலின் அளவும், நாளில் எத்தனை மணி நேரம் விலங்கு அங்கே கழிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அகழியின் இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது தெரியாது.

2014 பிப்ரவரி 9 அன்று கோபன்ஹேகன் விலங்கியல் பூங்கா, மாரியஸ் என்ற நோயற்ற இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றது. அதே மரபில் வந்த விலங்குகள் ஐரோப்பியப் பூங்காக்களில் போதுமான அளவு இருப்பதால், அதை வைத்து இனம்பெருக்கினால் உள்ளினக் கலப்பு ஏற்படும் என்று காரணம் சொன்னது. வேறு பூங்காக்கள் எடுத்துக்கொள்ள முன்வந்தும் கொடுக்கவில்லை. பிறகு குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் முன்னிலையில் உடலை அறுத்து விளக்கிவிட்டு, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. மாரியஸைக் கொன்றிருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உபரி என்று கணக்கிடப்பட்ட விலங்குகளைக் கொல்வது அந்தப் பூங்காவில் அன்று தொடங்கியதல்ல, அங்கே மட்டும் நடந்ததும் அல்ல. அதுவரை அது நிபுணர்களுக்குள் பேசி முடிக்கப்பட்ட விவகாரம். கோபன்ஹேகன் கதவை அடைத்துக்கொண்டு செய்திருந்தால், இனப்பெருக்கத் திட்டம் என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதைச் சீட்டு வாங்கி உள்ளே போகும் சாதாரண மனிதர்கள் அறிந்திருக்கவும் மாட்டார்கள், வேண்டாம் என்று கத்தியிருக்கவும் மாட்டார்கள்.