படியெடுத்த உயிர்களின் வரலாறு

மணவூர் வட்டாரத்தில் மாடு வளர்ப்போருக்குச் சினை ஊசி புதியதன்று. அம்முறையிலும் காளையின் விந்தும் பசுவின் முட்டையும் கூடித்தான் கன்று உருவாகிறது. ஆனால், தந்தையின் பங்கே இன்றி, ஒரு விலங்கின் உடலணுவைக் கொண்டே அதன் படியை உருவாக்கும் குளோனிங் முறை நம் நாட்டிற்கும் வந்துவிட்டது. அவ்வாறு பிறந்த உயிர் இயல்பாகப் பிறந்ததற்கு ஈடாகுமா? அதன் பால் நம் இல்லங்களுக்கு ஏற்றதா? வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1996 ஜூலை 5இல் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் செம்மறியாடு பிறந்தது. 277 முட்டைகளில் செய்த முயற்சியில் பிறந்தது அது ஒன்றே. அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரி 6இல் பிறந்த எருமைக்கன்று, நுரையீரல் நோயால் ஒரு வாரத்திற்குள் மடிந்தது. அதே ஆண்டு ஜூன் 6இல் பிறந்த கரிமா இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல் வாழ்ந்து, இதயம் செயலிழந்து இறந்தது. 2010இல் பிறந்த இரண்டாம் கரிமாவோ நன்கு வளர்ந்து, வழக்கமான முறையில் சினையுற்று, 2013 ஜனவரி 25இல் மகிமா என்னும் கன்றை ஈன்றது. 2012 மார்ச் 9இல் காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரியாஸ் அகமது ஷா குழுவினர் பஷ்மினா வெள்ளாட்டைப் படியெடுத்தனர். ஒளியைக் குறிக்கும் 'நூர்' என்னும் அரபுச் சொல்லின் அடியாக அதற்கு 'நூரி' எனப் பெயர் சூட்டினர்.

ஒன்று மடிய, மற்றொன்று வாழ்வானேன்? முட்டைக்குள் புகுந்த உடலணுவின் உட்கரு, தன் பழைய வேலையை மறந்து புதிய வளர்ச்சியைத் தொடங்க வேண்டும். அம்மறதி பல வேளைகளில் முழுமையாவதில்லை. மரபணுக்கள் ஒன்றேயாயினும், எது எப்போது இயங்குவது என்னும் ஒழுங்கு குலைகிறது. நஞ்சுக்கொடி பழுதுபடுகிறது, கன்று அளவுக்கு மீறிப் பருக்கிறது, பிறந்தபின் இரத்தச் சர்க்கரையும் உடல்வெப்பமும் நிலைகொள்ளாமல் தடுமாறுகின்றன. பிழைத்தவற்றில் இவ்வளர்சிதை மாற்ற வேறுபாடுகள் சில மாதங்களில் பெரும்பாலும் மறைகின்றன. அவை இயல்பாக ஈனும் குட்டிகளுக்கு இக்குறைகள் தொடர்வதில்லை. படியெடுத்த மாடு, வெள்ளாடு ஆகியவற்றின் பாலும் இறைச்சியும் வழக்கமானவற்றைப் போன்றே பாதுகாப்பானவை என 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முடிவு கூறியது.

ஜித்தாவில் 1997இல் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மனிதரைப் படியெடுப்பதைத் தடுத்தது. விலங்குகளிலும் தாவரங்களிலும் ஷரீஅத்தின் வரம்புக்குள், நன்மை கருதிச் செய்வதற்கு இடமளித்தது.

ஆகவே, நாம் ஐயுற வேண்டியது பாலைப் பற்றியன்று. அதற்குக் கொடுக்கும் விலையைப் பற்றியே. ஒரு நூரி துள்ளி எழ எத்தனை கருக்கள் கலைகின்றன, எத்தனை தாய் விலங்குகள் வருந்துகின்றன! வாயில்லா உயிர்கள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெறும் நன்மை அவற்றின் வேதனைக்குத் தகுமா என்று கேட்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.