கழித்தல் கணக்கும் கணிப்பொறியும்: பக் எங்கே இருக்கிறது?

கழித்தல் பழக்கும் புரோகிராம் எழுதுவது ரொம்ப சுலபம். இரண்டு எண்களைக் குலுக்கி எடு, கேள்வியைக் காட்டு, விடையை வாங்கு, சரியா தப்பா என்று சொல். பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். ஓடவிட்டதும் முதல் பக் தலைகாட்டும்: "3-ல் 8 போனால் எத்தனை?" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கும்! பெரிய எண் முன்னால் வரட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் இன்னொரு பக் உண்டு. அது புரோகிராமில் இல்லை, பிள்ளை கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. அதைத் தேடிப் போன கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர்க் கதை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இருந்தது. முழு எண் வாய்ப்பாடு மட்டுமல்ல, மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களையும் பிள்ளைகள் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். வாத்தியார் ஒருவர்தான். அதனால் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களைக் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பான். 1789-ல் சென்னை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர் என்ற முறையை விடுதியில் நடத்தி, 1797-ல் புத்தகமாக்கினார். அது இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

சட்டாம்பிள்ளையின் வேலையைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது 1960-களில். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் குழுவினர் 1965-ல், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 41 பேருக்குத் தினமும் கணக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பில் ஒரு டெலிடைப், பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி, நடுவில் டெலிபோன் கம்பி. வேகம் வந்தது. ஆனால் அந்தப் பயிற்சியும் அடிப்படையில் சரி, தப்பு என்பதோடு நின்றது.

அடுத்த கேள்வியைக் கேட்டவர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன். 'பக்கி' என்ற புரோகிராம் பற்றி 1978-ல் இவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். நிகராகுவா நாட்டுப் பிள்ளைகள் 1,300-க்கும் மேற்பட்டவர்களின் கழித்தல் விடைத்தாள்களை அலசியதில் ஒன்று தெரிந்தது. பல பிள்ளைகள் கவனக்குறைவால் தப்பு செய்யவில்லை. தப்பான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்!

நம்ம ஊர் உதாரணம் பார்ப்போம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். 502 ரூபாய் கூலியில் 138 ரூபாய் அட்வான்ஸ் போக மீதி எவ்வளவு? ஒரு பிள்ளை 436 என்கிறது. 8-லிருந்து 2, 3-லிருந்து 0, 5-லிருந்து 1. எங்கேயும் கடன் வாங்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. சரியான விடை 364. "தப்பு" என்று சிவப்பில் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அது தன் விதிப்படி சரியாகத்தானே போட்டது!

இதற்கும் நாலு வரி போதும். சரியான விடையோடு அந்தத் தப்பு விதி தரும் விடையையும் புரோகிராம் கணக்கிட்டு வைக்கட்டும். ஒரு தடவை பொருந்தினால் தற்செயல். நாலைந்து கணக்கில் தொடர்ந்து பொருந்தினால், கடன் வாங்குவதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை நிலை சொல்லும். ஏன் நிற்கிறது என்பதை அது போட்ட தப்புதான் சொல்லும்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக் கூலியானாலும், பக்கத்தில் பனியன் கம்பெனி பீஸ் ரேட் ஆனாலும், கழித்தல் தெரியாவிட்டால் கையில் வந்த பணம் சரிதானா என்று பார்க்க முடியாது. புரோகிராம் எழுதும் நண்பர்களே, பிள்ளையின் தப்பு விடையை அழித்துவிடாதீர்கள். சேமித்து வையுங்கள், படித்துப் பாருங்கள்.