தொண்டுத் தாதி பிறந்த கதை

1944 ஏப்ரலில் கண்டிக்கு ஒரு பெரும் படைத் தலைமையகம் குடிவந்தது. டில்லியில் இருந்த தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை அதன் தளபதி மவுண்ட்பேட்டன் கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். பர்மாப் போரின் கட்டளைகள் அங்கிருந்து போயின. 1943இல் அந்தப் போர்முனையில் காயம்பட்டு ஒரு சிப்பாய் பின்னால் அனுப்பப்பட்டால், நோயில் விழுந்து 120 பேர் அனுப்பப்பட்டார்கள். மலேரியாவே பெரும் எதிரி. குண்டு பட்டவனுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும். காய்ச்சல்காரனுக்கோ வேளை தவறாமல் மருந்து கொடுத்து, உடம்பைத் துடைத்துவிட்டு, இரவில் பக்கத்தில் விழித்திருக்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் ஆள் போதவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க அனுப்பப்பட்டவர்களில் 'வி.ஏ.டி.' (தொண்டர் உதவி அணி) எனப்பட்ட தொண்டர் பெண்களும் இருந்தார்கள். அவர்களின் அணி பிறந்தது 35 வருடங்களுக்கு முன்பு, பிரிட்டனில்.

1908இல் போர் அமைச்சர் ஹால்டேன் உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று பிராந்தியப் படையை உருவாக்கினார். எதிரி கரையிறங்கினால் காயம்பட்டவரைக் கள மருத்துவ அணியிடமிருந்து பெரிய ஆஸ்பத்திரிவரை கொண்டுசேர்ப்பது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1909 ஆகஸ்ட் 16இல் வெளியான தொண்டர் உதவித் திட்டம் அந்த இடைவெளியை அடைக்க வந்தது. ஒரு பெண்கள் அணியில் 20 உறுப்பினர். அவர்களில் நால்வர் சமையல் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு பயிற்சி பெற்ற தாதி. மற்றவர்கள் முதலுதவியிலும் வீட்டுப் பராமரிப்பிலும் சான்றிதழ் எடுத்தால் போதும். ஆள் சேர்த்துப் பழக்கியது செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும். பதிவேடு போர் அமைச்சிடம். இப்படிப் பிறக்கும்போதே இந்த அணிக்கு இரண்டு எசமான்கள்.

1914இல் வந்த முதலாம் உலகப் போர் எதிர்பார்த்ததுபோல் உள்ளூரில் நடக்கவில்லை. பயிற்சி பெற்ற தாதியர் போதாமல், 1915இல் இராணுவ ஆஸ்பத்திரிகளின் கதவு தொண்டர்களுக்குத் திறந்தது. வருடத்துக்கு 20 பவுண் சம்பளம். வாட்டில் தாதிய சகோதரி சொல்வதே சட்டம். கட்டில் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் முதல் வேலை; காயமுற்றோர் குவியக் குவிய, புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையும் அவர்கள் கைக்கு வந்தது.

மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய தாதியருக்கு இது பிடிக்கவில்லை. சில வாரப் பழக்கத்தோடு வந்தவர்கள் நாளை தங்களுக்குச் சமமாக நின்று, கூலியையும் குறைத்துவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதைத் தணிப்பதுபோல, 1919இல் தாதியர் பதிவுச் சட்டம் வந்தபோது, போர் ஆஸ்பத்திரியில் வேலைசெய்த அனுபவம் மட்டும் தொண்டருக்குப் பதிவேட்டில் இடம் வாங்கித் தரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தேறிய தாதியருக்கும் தொண்டருக்கும் இடையிலான இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1941இல் பிரிட்டிஷ் இராணுவத் தாதியர் அதிகாரி ஆணை பெற்றார்கள். இந்தியாவில் 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் இராணுவத் தாதியர் சேவையைத் தனிப் படைப்பிரிவாக்கி அதே தகுதியைக் கொடுத்தது. வி.ஏ.டி. பெண்களுக்கு அந்த ஆணை இல்லை. இந்தியாவிலேயே சில மாதப் பயிற்சியோடு துணைத் தாதியர் சேவை ஒன்றும் ஆரம்பிக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்திலும் பெண்கள் தொண்டர்களாக வந்தார்கள்: ஜப்பானியர் பக்கம் நின்ற இந்திய தேசிய இராணுவத்தில், மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்த ஜான்சி ராணிப் படையிலும் தாதியர் பிரிவு இருந்தது.

ஆபத்து மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. 1944 பெப்ரவரி 12இல் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலை மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இறந்த 1,297 பேரில் 77 பேர் பெண்கள்: இராணுவத் தாதியர், கடற்படைப் பெண்கள், போக்குவரத்துத் தொண்டர்கள். உயிர் தப்பிய பெண்கள் ஆறு பேர்.

மவுண்ட்பேட்டனின் மனைவி எட்வினா 1942 முதல் சென் ஜோன் தாதியர் பிரிவின் தலைவி. 1945இல் இந்தப் பிராந்தியத்தின் ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப்பார்த்து, குறைகளைக் கணவரின் மேசைக்கே கொண்டுபோனார். தொண்டர்களின் குரல் கட்டளை பிறக்கும் அறைவரை எட்டியது அவருடைய செல்வாக்கால். அவர்களுக்கென்று எழுதப்பட்ட உரிமையால் அல்ல.

இலங்கையில் 1936இல் பிரிட்டிஷ் கிளையாகத் தொடங்கிய செஞ்சிலுவை 1949இல் தனிச் சங்கமானது. பெரஹரா நாட்களில் கண்டி வீதிகளில் முதலுதவிப் பையோடு நிற்கும் இளைஞர்கள் அந்த மரபின் வாரிசுகள். தொண்டரை அழைக்கும் எந்த நிறுவனமும் மூன்றை முதலிலேயே எழுத்தில் தர வேண்டும்: அவர் செய்யக்கூடியது எது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அடிபட்டால் யார் பொறுப்பு. சம்பளம் வேண்டாம் என்று வருபவர் பாதுகாப்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை.