சமையலறைச் சுவருக்கு டைல்ஸ்: வாங்கும் முன்னும் ஒட்டிய பின்னும் கவனிக்க வேண்டியவை

தோட்டத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு மாறும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சமையலறையில்தான். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் உள்ள பல மலிவு விலை வீடுகளின் சமையலறைச் சுவரில் சிமெந்துப் பூச்சும் ஒரு கை சாயமும் தவிர வேறொன்றும் இருக்காது. நம் வீட்டுச் சமையலுக்கு அது தாங்காது. தினம் தாளிப்பு, மீன் பொரியல், மஞ்சள் கலந்த குழம்பு என்று ஆறு மாதம் போனால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சாயம் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பழைய பலகை லயங்களில் அடுப்போரம் தகரம் அடித்துச் சமாளித்தார்கள். இன்று அந்த இடத்துக்கு டைல்ஸ் வந்துவிட்டது.

செலவு சிறியதன்று. பணி ஓய்வு பெற்றவர்கள் சேமநிதிப் பணத்திலிருந்தும், இளையவர்கள் போனஸ் பணத்திலிருந்தும் எடுத்துச் செய்யும் வேலை இது. ஓராண்டிலேயே டைல்ஸ் கழன்று விழுந்தால் அந்தப் பணம் திரும்பி வராது.

முதல் கேள்வி: சுவர் யாருடையது?

நிறத்தையும் பூவையும் பார்க்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் டைல்ஸ் ஒட்டினால், வேலையை விட்டு வெளியேறும் நாளில் அதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. ஒட்டிய டைல்ஸ் சுவரோடு போய்விடும். தோட்ட வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் பழுது பார்த்து வைக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் (சட்டம் 446) சொல்கிறது. சுவர் ஈரம் இழுக்கிறது, பூச்சு விழுகிறது என்றால் அதை முதலில் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் காசில் டைல்ஸ் ஒட்டி அதை மறைப்பது சரியான வழி அல்ல. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது இவ்வட்டார வாசகர்களுக்குத் தெரியும். நமதல்லாத சுவரில் சேமிப்பைப் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. அப்படிப்பட்ட வீட்டில் அடுப்புக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தகடு போதும். வீடு மாறும்போது திருகாணியைக் கழற்றி அதையும் எடுத்துச் செல்லலாம்.

சொந்த வீடு என்றாலும், பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுவதாக இருந்தால் முதலில் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். இடத்தைப் பொறுத்து அது கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம், உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம் அல்லது சபாக் பெர்ணாம் மாவட்ட மன்றமாக இருக்கும்.

மண்ணையும் பார்க்க வேண்டும்

கடலோரமாக ஜெராமிலிருந்து சபாக் பெர்ணாம் வரை பெரும்பகுதி மென்மையான களிமண். உள்ளே ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிச்சதுப்பு மண். இந்த மண்ணில் கட்டடம் மெதுவாக இறங்கும். வீட்டின் பழைய பகுதி ஏற்கெனவே இறங்கி நின்றிருக்கும், புதிதாகச் சேர்த்த சமையலறை அதன் பிறகு தனியாக இறங்கத் தொடங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு விழுவது இதனால்தான். அந்த வெடிப்பின் மேல் டைல்ஸ் ஒட்டினால் டைல்ஸும் அதே கோட்டில் வெடிக்கும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெடிப்பின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் வரை பாருங்கள். கோடு விலகாமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். அப்போதும் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையில் சிமெந்துச் சாந்தை நிரப்பக் கூடாது, சிலிகோன்தான் நிரப்ப வேண்டும். சிலிகோன் இழுபடும், சாந்து உடைந்துவிடும்.

எந்த டைல்ஸ்?

கடையில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று சாதாரண சுவர் டைல்ஸ், அதாவது செராமிக். சுட்ட களிமண் உடம்பின் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கும். அந்த உடம்பு தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் இழுக்கும். மற்றொன்று போர்சலின். மிக அதிகச் சூட்டில் சுடப்பட்டுக் கல்போல் இறுகியது. இது 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் இழுக்காது. பெட்டியில் எம்.எஸ். ஐ.எஸ்.ஓ. 13006 என்ற தர எண்ணும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

எது எது என்று கடைக்காரருக்கே குழப்பமாக இருந்தால், டைல்ஸின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். அப்படியே நின்றால் போர்சலின்.

சமையலறைச் சுவருக்குச் செராமிக் போதும். யாரும் அதன் மேல் நடக்கப் போவதில்லை. விலை குறைவு, எடை குறைவு, வெட்டுவதும் எளிது. போர்சலின்தான் உயர்ந்தது என்று சொல்லித் தரைக்கான 2 அடிக்கு 2 அடி டைல்ஸைச் சுவருக்கும் விற்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 8 கிலோ இருக்கும். முறையாக ஒட்டத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் அது தலைக்கு மேல் தொங்கும் ஆபத்து.

அடுப்புப் பக்கம் வழவழப்பான பளபளப்பு வகையே நல்லது, எண்ணெய் ஒரே துடைப்பில் வந்துவிடும். சொரசொரப்பான மேட் வகையும், கல் அடுக்கியதுபோல் மேடு பள்ளமாக இருப்பதும் கண்காட்சிக் கூடத்தில் அழகாகத் தெரியும். மூன்று தீபாவளிக்குப் பிறகு அந்தப் பள்ளங்களில் இருப்பதைப் பல் துலக்கும் பிரஷால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அளவுக் கணக்கு இப்படி. ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடி, உயரம் 4 அடி என்றால் 64 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 10 விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 70. 300க்கு 600 மில்லிமீட்டர் டைல்ஸ் 8 உள்ள ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது சுமார் 15.5 சதுர அடி. எனவே 5 பெட்டி. மிஞ்சுவதைக் கடைக்குத் திருப்ப வேண்டாம், நாளை ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது. வாங்கும்போதே எல்லாப் பெட்டிகளிலும் நிறத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு நாளில் சுட்டது வேறு வெள்ளையாக இருக்கும்.

டைல்ஸ் ஏன் விழுகிறது?

இந்தப் பகுதியை வேலைக்கு வரும் கொத்தனாரிடமும் காட்டலாம்.

பழைய முறையில் செராமிக் டைல்ஸைத் தண்ணீர் வாளியில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, வடியவிட்டு, சிமெந்துக் குழம்பு தடவி ஒட்டுவார்கள். ஊறவைக்காமல் ஒட்டினால் டைல்ஸ் சிமெந்திலிருந்த தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் போன சிமெந்து இறுகாமல் பொடியாகும். ஊறிய டைல்ஸிலோ சிமெந்து அதன் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகும். இந்த முறை நம் ஊரில் நெடுங்காலம் நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல் போர்சலினில் வந்தது. அதில் சிமெந்து இறங்கத் துளையே இல்லை. வெறும் சிமெந்துக் குழம்பில் ஒட்டிய போர்சலின் முதல் சில மாதம் நன்றாக நிற்கும், பிறகு வெப்பத்திலும் அதிர்விலும் முழுத் துண்டாகக் கழன்று வரும். கழன்ற டைல்ஸின் முதுகு புதிதுபோல் சுத்தமாக இருப்பதைக் கண்டவர்கள் உண்டு. ஒட்டவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. போர்சலினுக்குப் பாலிமர் கலந்த டைல்ஸ் பசைதான் வேண்டும். மூட்டையில் போர்சலினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும். பசை பயன்படுத்தும்போது எந்த டைல்ஸையும் ஊறவைக்கக் கூடாது, ஈரத் துணியால் முதுகுத் தூசியைத் துடைத்தால் போதும். 25 கிலோ மூட்டை ஏறக்குறைய 5 சதுர மீட்டருக்கு வரும்.

அடுத்த தவறு, நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது. வேலை வேகமாக முடியும். ஆனால் பின்னால் பாதி இடம் வெற்றாக இருக்கும். அங்கே தண்ணீர் தேங்கும், எறும்பும் கரப்பானும் குடியேறும், சுவரில் ஆணி அடித்தால் டைல்ஸ் சிதறும். பல் வைத்த கரண்டியால் பசையைச் சுவர் முழுவதும் சீவி, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி அமர்த்துவதே முறை. முதலில் ஒட்டிய ஒன்றிரண்டை உடனே பிரித்து முதுகைப் பாருங்கள். முழுவதும் பசை அப்பியிருக்க வேண்டும். சீவிய பசையைக் காற்றாடியின் கீழ் நெடுநேரம் விட்டால் மேலே ஆடை படியும். விரலில் ஒட்டாத பசை டைல்ஸிலும் ஒட்டாது.

சுவரும் தயாராக இருக்க வேண்டும். சாயத்தின் மேல் ஒட்டிய டைல்ஸ் சுவரோடு அல்ல, சாயத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. சாயத்தைச் சுரண்டி, சுவரைக் கொத்தி, எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். புதுப் பூச்சாக இருந்தால் இரண்டு வாரமாவது ஆறட்டும், நான்கு வாரம் இன்னும் நல்லது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பூச்சும் டைல்ஸுமாக முடித்துத் தரச் சொல்லிக் கொத்தனாரை நெருக்குவது நம்மவர் வழக்கம். அந்த அவசரத்தின் பலன் அடுத்த ஆண்டு தெரியும்.

பலகைச் சுவரில் நேராக ஒட்டவே கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் பலகை விரிந்து சுருங்கும், டைல்ஸ் அப்படி அசையாது. முதலில் சிமெந்து பலகையைத் திருகாணியால் இறுக்கி, அதன் மேல்தான் ஒட்ட வேண்டும்.

கீழ் வரிசையைத் தரையிலிருந்து தொடங்கக் கூடாது, தரை சமமாக இருக்காது. மட்டம் பார்த்து ஒரு கட்டையை ஆணியடித்து, அதன் மேல் இரண்டாவது வரிசையிலிருந்து ஏறி, கடைசியில் கீழ் வரிசையை வெட்டி வைக்க வேண்டும். மின் சாக்கெட்டைச் சுற்றி வெட்டும்போது மெயின் சுவிட்சை அடைப்பது கட்டாயம். வெட்டும் இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். உலர்ந்த தூசியில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். வெட்டுபவருக்கு முகக்கவசம் வேண்டும், பிள்ளைகள் அங்கே நிற்கக் கூடாது.

இடைவெளியும் சாந்தும்

டைல்ஸுக்கு இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி ஒட்டி வைத்தால் விரிய இடமில்லாமல் முட்டிக்கொண்டு மேலெழும். ஒரு நாள் கழித்து இடைவெளியில் சாந்து நிரப்பலாம். வெள்ளைச் சாந்து நம் சமையலறைக்கு உதவாது, மஞ்சள் ஏறினால் இறங்காது. சாம்பல் நிறம் பாதுகாப்பானது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் எபோக்சி சாந்து போட்டால் கறை இறங்காது. விலை கூடுதல், வேலையும் கடினம், ஆனால் அந்த மூன்றடி அகலத்துக்குக் கொடுக்கலாம். சிங்க் ஓரமும் மேடை சுவரைத் தொடும் கோடும் சிலிகோன்.

கூலி பேசும்போது

கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். பழைய டைல்ஸை உடைப்பது, குப்பையை அகற்றுவது, பசையும் சாந்தும் வாங்குவது யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உறவுக்காரர் என்றாலும் எழுதுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு 50 சென் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் பின்னால் வெற்றிடம். அதைப் பிரித்து ஒட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனாலோ வேலை மோசமாக இருந்தாலோ பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஏற்கும். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீதும் அந்தத் தாளும் கைப்பேசிப் படங்களும் இருந்தால் வேலை எளிது. வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் எதை வைத்து நிரூபிப்பது?

பராமரிப்பு

அன்றாடம் சமைத்து முடித்ததும், சுவர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாத்திரம் கழுவும் சவர்க்காரம் தொட்ட துணியால் துடைத்தால் போதும். ஆறிய எண்ணெய் கெட்டியாகிவிடும். இரும்பு நார் கண்ணாடிப் பூச்சைக் கீறும், கீறலில் கறை உட்காரும். எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் அமில டைல்ஸ் திரவம் ஆகியவை டைல்ஸை ஒன்றும் செய்யாவிட்டாலும் சிமெந்துச் சாந்தை அரிக்கும். சாந்தில் படிந்த கறைக்கு வெந்நீரில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

அமிலத் திரவத்தையும் வெளுப்பு நீரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய சிறு சமையலறையில் அது மூச்சை அடைக்கும். ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவி, இன்னொரு நாள் மற்றதைப் பயன்படுத்துங்கள்.

சிங்க் ஓரச் சிலிகோன் கறுத்தால் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதன் மேலேயே புதிதாகப் பூசாமல், கத்தியால் முழுவதும் சீவி எடுத்து, காயவைத்துப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு டைல்ஸ் மட்டும் உடைந்தால் முழுச் சுவரையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் அதைச் சுற்றியுள்ள சாந்தைச் சுரண்டி எடுங்கள். பிறகு நடுவில் தட்டி உடைத்து, நடுவிலிருந்து ஓரமாகப் பெயர்த்து வாருங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்து டைல்ஸும் போகும். பின்னால் உள்ள பழைய பசையைச் சமமாகச் சீவி, எடுத்து வைத்திருந்த மிச்ச டைல்ஸை ஒட்டி, மறுநாள் சாந்து நிரப்புங்கள். கண்ணாடித் துண்டுபோல் தெறிக்கும் வேலை இது என்பதால் கண்ணுக்குக் கவசம் வேண்டும்.