கம்பி கொடுத்த கடன்

அணுவின் உள்ளே நடப்பதை ஆராயப் பிறந்தது குவாண்டம் இயக்கவியல். இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியின் அதிர்வுக்கும் அதற்கும் என்ன உறவு? கேட்டால் நகைப்பர் சிலர். வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது, தோழர்களே!

1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராலே பிரபு ஒலியைப் பற்றிய பெருநூலை வெளியிடத் தொடங்கினார். கம்பி ஒரே சீராக இல்லை. இங்கே சற்றுத் தடிப்பு, அங்கே சற்று மெலிவு. அதனால் சுருதி எவ்வளவு மாறும்? கணக்கிட வழி கூறினார் ராலே. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1926-இல், சூரிக் நகரில் அலைச் சமன்பாட்டை அமைத்த ஷ்ரோடிங்கர், மின்புலத்தில் அகப்பட்ட அணுவின் ஆற்றல் எவ்வளவு மாறும் என்றறிய அந்தக் கம்பிக் கணக்கின் வழியையே கையாண்டார். ராலேக்குப் பட்ட கடனை மறைக்கவுமில்லை. (பிரபுப் பட்டம் பிறப்பால் வந்தது, கணக்கு உழைப்பால் வந்தது. ஷ்ரோடிங்கருக்குப் பயன்பட்டது பின்னதே!)

கடன் திரும்பிய கதை இன்னும் சுவையானது.

அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்த படிகத்தில் எலக்ட்ரான் அலை தங்குதடையின்றிச் செல்லும். ஒழுங்கு குலைந்தால்? சிதறிச் சிதறி மெல்லப் பரவும் என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். 1958-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிலிப் ஆண்டர்சன், குலைவு மிகுந்தால் அலை ஓரிடத்திலேயே சிறைப்பட்டுவிடும் என்று காட்டினார். அன்று நம்பியவர் மிகச் சிலர். 1977-இல் நோபல் பரிசில் பங்கு அவரைத் தேடி வந்தது.

எலக்ட்ரான் அலைக்குள்ள விதி எஃகின் அதிர்வுக்கு மட்டும் ஏன் இராது? 1982-இல் ஹாட்ஜஸ் என்பவர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே உட்ஹவுசுடன் சேர்ந்து, கம்பியில் சிறு எடைகளைப் பொருத்தி அளந்த முடிவுகளை வெளியிட்டார். இடைவெளி சீராயிருந்தால் கம்பி நெடுகப் பரவும் அதிர்வு, இடைவெளி பிசகியதும் எழுந்த இடத்தருகே முடங்கியது! உராய்வு விழுங்கிவிடவில்லை, ஒழுங்கின்மையே வேலி கட்டிற்று.

ஏட்டுச் சுரைக்காயா இது? ஜெட் எஞ்சினின் சுழல் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றிலும் தகடுகள், ஒரே அச்சில் வார்த்தவை போல. ஆயினும் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. அந்த நுண்ணிய வேறுபாடு போதும், அதிர்வு ஒன்றிரண்டு தகடுகளில் குவிய. ஏனையவை இளைப்பாற, அந்தத் தகடு மட்டும் களைத்து விரிசல் காணும். வானில் பறக்கும்போது தகடு முறிந்தால் விளைவு என்ன? சராசரிக் கணக்கு அங்கே காப்பாற்றாது. ஆகவே பொறியாளர் இன்று வேறுபாடுகளையும் சேர்த்தே கணக்கிடுகின்றனர். சில வேளை, கட்டற்ற நடுக்கத்தைத் தடுக்க, வேண்டுமென்றே இருவகைத் தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்துகின்றனர்.