கடிகாரத்தின் முன் சதுரங்கம்

சதுரங்கத்தைப் பற்றி நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் நடத்திய நெடிய விவாதத்தில் இரண்டு கவலைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஒன்று சூது, மற்றொன்று நேரம். பணயம் வைத்து ஆடுவது கூடாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்கு அப்பால் அறிஞர்கள் பலர் ஆட்டத்தையே தடுத்துக் கூறினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, சூது கலவாமலும் தொழுகையின் வேளை தவறாமலும் ஆடினால் அது வெறுக்கத்தக்கதே அன்றி ஹராம் அல்ல என்ற நிலையை மேற்கொண்டார்கள். பலகையின் முன் அமர்ந்தவனுக்குப் பொழுது போவது தெரியாது என்ற அச்சம் வீணான அச்சமன்று. அக்காலத்துச் சத்ரஞ்சுக்கு நேர எல்லை என ஒன்று இருந்ததில்லை.

ஆட்டத்தின் அமைப்பே அத்தகையது. இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று நின்றவர் ஃபிர்ஸான் எனப்பட்ட மந்திரி. அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வார்; அவ்வளவே அவர் அதிகாரம். ஃபீல் எனப்பட்ட யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டத்துக்கு மேல் போகான். ஆகவே இரு படைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கே நெடுநேரம் ஆகும். இந்தத் தாமதத்தைக் குறைக்க பக்தாத் ஆட்டக்காரர்கள் கண்ட வழி சுவையானது. எதிரியின் நகர்வுக்குப் பெரிதும் காத்திராமல், தனக்கென ஓர் அணிவகுப்பைப் பன்னிரண்டு நகர்வுகளிலோ அதற்கு மேலோ அமைத்துக்கொண்டு, அதன் பிறகே போரைத் தொடங்குவர். இதற்குத் தஅபிய்யா என்று பெயர். சிறகுடையது என்ற பொருளில் முஜன்னஹ் என ஒன்று. வெள்ளப்பெருக்கு என்ற பொருளில் சய்யாலா என மற்றொன்று. கலீஃபா முக்தஃபியின் அவையில் மாவர்தி என்ற ஆட்டக்காரரை வென்று புகழ்பெற்ற அபூபக்ர் அஸ்ஸூலியும், அவருடைய மாணவர் அல்லஜ்லாஜும் இவ்வணிவகுப்புகளை ஆராய்ந்து எழுதியவர்கள். ஸூலி மறைந்தது ஏறத்தாழ 946இல். நேரத்தைச் சுருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் முதல் அரும்பை இந்தத் தஅபிய்யாக்களில்தான் நான் காண்கிறேன். ஆனால் அது இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட வசதி. ஒருவன் மீது ஒருவன் சுமத்திய சட்டமன்று.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மந்திரி ராணியானார்; திசையெங்கும் பாயும் வலிமை அவருக்கு வந்தது. யானைக்கும் நீண்ட பாய்ச்சல் கிடைத்தது. காய்கள் விரைந்தன. மனிதன் மட்டும் விரையவில்லை.

அந்தக் குறை வெட்டவெளிச்சமானது 1851இல். லண்டனில் ஹோவர்ட் ஸ்டான்டன் முன்னின்று நடத்திய முதல் சர்வதேசப் போட்டியில் யோசிப்பதற்கு வரம்பே கிடையாது. எலைஜா வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் எதிரே இருந்தவர்களைச் சோர்ந்து விழச் செய்தது. மூன்றாம் இடத்துக்கான பந்தயத்தில் ஸ்டான்டனே அவரிடம் தோற்றார். அதன்பின் அந்த மந்தத்தைப் பற்றி அவர் எழுதிய புகார்களுக்குக் குறைவில்லை. தோற்றவரின் புகாரைச் சற்றுக் கழித்தே எடைபோட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 1857இல் நியூயார்க்கில் இளைஞர் பால் மார்ஃபியை எதிர்த்து ஆடிய லூயி பால்சனும் ஒரே நகர்வுக்கு ஒரு மணிக்கு மேல் எடுத்துக்கொண்டார். நோயைக் கண்டவர் ஸ்டான்டன் ஒருவர் மட்டுமல்லர்.

இங்கே எழுந்த கேள்வி எளிதானதன்று. ஆழ்ந்து யோசிப்பவனைத் தண்டிப்பது நியாயமா? யோசிக்கத்தானே சதுரங்கம்? மறுபுறம், எதிரியின் உடற்சோர்வைத் தன் படையில் ஒரு காயாகச் சேர்த்துக்கொள்பவன் ஆடுவது சதுரங்கம்தானா? ஐரோப்பியர் இதைத் தத்துவமாக விவாதித்துக்கொண்டிராமல் மணலைக் கொண்டு தீர்க்க முயன்றனர். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் லண்டனில் மோதியபோது ஆளுக்கொரு மணற்கடிகை வைக்கப்பட்டது. 24 நகர்வுகளுக்கு 2 மணி நேரம் என்பது ஏற்பாடு. தன் முறை வந்ததும் கடிகையை நிமிர்த்த வேண்டும்; முறை முடிந்ததும் அதைப் படுக்க வைக்க வேண்டும். மறு ஆண்டு லண்டன் போட்டியிலும் மணற்கடிகைகளே இருந்தன. 1867இல் பாரிஸ் போட்டியில் வரம்பு மீறியவருக்கு விதிக்கப்பட்டது அபராதம். பணம் கட்டிவிட்டு மேலும் யோசிக்கலாம் என்றால், அது பணக்காரனுக்கு வாய்த்த சட்டம்! அது நிலைக்காமற் போனதில் வியப்பில்லை. நேரம் தீர்ந்தால் ஆட்டமே தோல்வி என்ற கடுமையான விதியே இறுதியில் நின்றது.

1883இல் லண்டனில் மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் வகுத்த இரட்டைக் கடிகாரம் களத்துக்கு வந்தது. ஏற்றமரம்போல் சாயும் ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் இரண்டு ஊசல் கடிகாரங்கள். ஒன்றைத் தாழ்த்தினால் அது நிற்கும், மற்றது ஓடும். பின்னர் பொத்தானும், அதற்குப் பின் கொடியும் வந்தன. நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சிறு செந்தகட்டை மெல்லத் தூக்கிக்கொண்டே போகும்; மணி நிறைந்த கணத்தில் தகடு விழும். நேரம் முடிந்ததா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்று எண்கள் மின்னும் கடிகாரத்தில் கொடியே இல்லை. ஆயினும் நேரம் தீர்வதைக் கொடி விழுந்தது என்றே ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள்.

கடிகாரம் வந்த பிறகு அதைச் சுருக்கிப் பார்க்கும் ஆசை வராமலிருக்குமா? அமெரிக்கக் கழகங்களில் பத்து நொடிக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் காயை நகர்த்தியாக வேண்டும். 1914இல் பெர்லினில் நகர்வுக்கு ஐந்தே நொடி என்ற கணக்கில் கியூபாவின் கபாபிளாங்கா அன்றைய உலகச் சாம்பியன் லாஸ்கரை 6½க்கு 3½ என வென்றார். நீண்ட ஆட்டத்தில் லாஸ்கரின் பட்டத்தை அவர் பறிக்க மேலும் ஏழாண்டுகள் பிடித்தன. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்ற முறை பிறகு வேரூன்றி, மின்னல் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லால் பிளிட்ஸ் எனப் பெயர் பெற்றது.

இவ்வகை ஆட்டத்தைப் பெரியவர்கள் பலர் குழந்தை விளையாட்டாகவே கருதினர். அந்த எண்ணத்தை அசைத்தது 1970 ஏப்ரல் 8. யூகோஸ்லாவியாவின் கடற்கரை ஊரான ஹெர்சக் நோவியில் 12 பேர் கூடினர். ஒவ்வொருவரும் மற்றவரோடு இருமுறை, ஐந்து நிமிட ஆட்டம். தால், பெத்ரோசியான், ஸ்மிஸ்லோவ் என மூன்று முன்னாள் உலகச் சாம்பியன்கள். கோர்ச்னோய், பிரான்ஸ்டைன் ஆகியோரும் சோவியத் அணிக்காரர்கள். மின்னல் ஆட்டம் அவர்கள் சொத்து என்பதே பொதுவான மதிப்பீடு. அமெரிக்கரான பாபி ஃபிஷர் 22 ஆட்டங்களில் 17 வென்று, 4 சமன்செய்து, கோர்ச்னோயிடம் ஒன்றை மட்டும் இழந்து 19 புள்ளிகள் எடுத்தார். இரண்டாம் இடத்தில் தால். அவருக்குக் கிடைத்தவை 14½. ஐந்து நிமிடத்தில் பாதியைக்கூட ஃபிஷர் பல ஆட்டங்களில் செலவிடவில்லை என்றும், போட்டி முடிந்ததும் எல்லா ஆட்டங்களையும் நினைவிலிருந்தே ஒப்புவித்தார் என்றும் சொல்வார்கள். இது அவசரமன்று. ஆண்டுக்கணக்கில் மெதுவாக யோசித்துச் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் எடுத்துச் செலவிடும் ஆற்றல் அது. மின்னல் ஆட்டத்தை வெறும் கைவேகம் என்று ஒதுக்குவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறார்கள்.

ஆனால் அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்று விதி எழுத வேண்டி வந்ததே, அது எதற்காக? கடைசி நொடிகளில் ஆட்டம் மூளையை விட்டு விரலுக்கு இறங்கிவிடுகிறது. தோற்றே தீர வேண்டிய நிலையில் இருப்பவன், பொருளற்ற நகர்வுகளை மளமளவெனச் செய்து எதிரியின் கொடியை விழச் செய்கிறான். வென்றவனிடம் ஒரே ஒரு காலாள் மிஞ்சியிருந்தாலும் வெற்றி அவனுக்கே. தனி ராஜா மட்டும் நின்றால் சமன்.

இந்த அநீதிக்கு மருந்து சொன்னவரும் மின்னல் ஆட்டத்தின் மன்னரான ஃபிஷரே. ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகளைக் கூடுதலாக வரவு வைக்கும் கடிகாரத்துக்கு 1989இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1992இல் ஸ்பாஸ்கியுடன் அவர் ஆடிய பந்தயத்தில் அது பயன்பட்டது. நல்ல நிலையில் இருப்பவன் கைவேகம் இல்லாத ஒரே காரணத்தால் தோற்க வேண்டியதில்லை.

மருந்து இருந்தும் அதை எல்லோரும் உட்கொண்டுவிடவில்லை. 2008இல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் பட்டத்துக்கு இரினா குருஷும் அன்னா ஸத்தோன்ஸ்கியும் சமநிலையில் நின்றனர். பட்டத்தைத் தீர்மானிக்க நடந்த கடைசி ஆட்டத்தில் கூடுதல் நொடி இல்லை. இருவரும் காய்களைத் தட்டித்தடவி நகர்த்திக்கொண்டிருக்க, குருஷின் நேரம் முடிந்தது. ஸத்தோன்ஸ்கியின் கடிகாரத்தில் எஞ்சியிருந்தது ஒரே நொடி. குருஷ் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். முடிவு மாறவில்லை. விதிப்படி அது சரி. ஆனால் ஒரு நாட்டின் பட்டத்தைப் பிரித்துக்காட்டியது அந்த ஒரு நொடிதான் என்பதைப் படிக்கும்போது, 1851இன் எதிர்முனைக்கு வந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. அங்கே எல்லையற்ற நேரம் ஆயுதமாயிற்று, இங்கே நேரமின்மை.

நேரம் பற்றிய பழைய விவாதமும் ஓய்ந்துவிடவில்லை. சதுரங்கம் நேரத்தை வீணாக்குகிறது, பகையை வளர்க்கிறது என்று 2016 ஜனவரியில் சவூதி அரேபியாவின் அன்றைய தலைமை முஃப்தி கண்டித்துரைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நாட்டின் தலைநகரான ரியாதில் உலக அதிவேக, மின்னல் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. அதிவேகப் பிரிவில் ஆளுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி வரவு. தஅபிய்யாவைப் பற்றி அரபியில் எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பின், அரபு மண்ணில் அந்தப் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த். 48 வயதில், வேகம் இளைஞர்களுடையது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 15 சுற்றுகளில் ஒன்றிலும் தோற்காமல் முதலிடத்தைப் பிறரோடு பகிர்ந்தார். பிறகு சமநிலையை முறிக்க, இன்னும் குறுகிய நேரத்தில், தம் வயதில் பாதியும் நிரம்பாத ரஷ்யர் ஃபெதசேயெவை இரண்டு ஆட்டங்களிலும் வென்றார்.