பட்டையும் கட்டையும்

பேகம்பூர் என்றவுடன் பெரிய பள்ளிவாசலும், ஐதர் அலியின் தங்கை என்று வழங்கப்பெறும் அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலமும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது தோல் ஷாப்புகளின் வாடை. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதை நம் வாசகர்கள் அறிவர். மனிதர்களின் கணக்கு அங்கே இருக்கிறது. மரங்களின் கணக்கை யாரும் எழுதவில்லை.

தோலைப் பதனிட முதலில் உதவியது நம் கரம்புக்காட்டு ஆவாரம்பட்டை. அது போதாதபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து சீகைப்பட்டை (வாட்டில்) கப்பலேறி வந்தது. விடுதலைக்குப் பின் அந்த இறக்குமதியைக் குறைக்க எண்ணி, நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் வனத்துறை சீகையை நட்டது. பட்டை தோல் ஷாப்புக்கு. கட்டை சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு. அந்த ஆலை இன்று இல்லை. சீகை மட்டும் தானே விதை பரப்பிச் சோலை விளிம்புவரை வந்துவிட்டது.

வெட்டிய மரத்தின் கரியை யார் பெயரில், எந்த ஆண்டில் பற்று எழுதுவது? ஐபிசிசியின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டி, வெட்டிய ஆண்டிலேயே அனைத்தும் காற்றில் கலந்ததாகக் கொள்ளச் சொன்னது. கணக்கருக்கு எளிது, உத்தரத்தில் நூறாண்டு கிடக்கும் தேக்குக்கு அநியாயம். 2011இல் டர்பனில், கியோட்டோ உடன்படிக்கையின் கீழ்வரும் வளர்ந்த நாடுகளுக்காக அரை ஆயுட்கள் வகுக்கப்பட்டன: தாளுக்கு 2 ஆண்டு, மரப்பலகைத் தகடுகளுக்கு 25, அறுத்த மரத்துக்கு 35. மரம் வளர்ந்த நாடே கணக்கு எழுத வேண்டும். தோலுக்குள் இறங்கிய பட்டைச் சாற்றுக்குப் பத்தி கிடையாது, அது செருப்பாகிப் பல்லாண்டு உழைத்தாலும்!

அதே விதிகளில் இன்னொரு வரி உண்டு. காடழிப்பில் கிடைத்த மரத்துக்கு அரை ஆயுள் சலுகை இல்லை. உடனே எரிந்ததாகவே கொள்ள வேண்டும். காட்டை விற்றுப் பலகைக் கணக்குக் காட்டுவோரைத் தடுக்க இது நல்ல வரிதான். ஆனால் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்திருக்கிறதே, அதன்படி பழனிமலையில் சீகையை வெட்டிப் பழைய புல்வெளியை மீட்டால் என்ன ஆகும்? இந்தியாவை அந்த விதி கட்டுப்படுத்தாது. எனினும் அதே அளவுகோலை இங்கே வைத்தால், மரக்காடு மறைந்ததால் அது காடழிப்பு! புல்வெளி மண்ணுக்குள் புதைந்திருக்கும் கரியோ வெட்டிய ஆண்டின் ஏட்டில் தெரியாது.

நாம் கேட்பது, நட்ட பிழையைத் திருத்துவதற்கும் காட்டை அழிப்பதற்கும் தனித்தனிப் பத்தி. வெட்டிய சீகை விறகானால் அன்றே பற்று எழுதட்டும். பலகையானால் அந்தப் பலகையின் ஆயுளுக்கு எழுதட்டும்.